ஏழாம் எண் பையும் செவன் கிங்ஸ் கறிவேப்பிலையும்

2007 மார்ச் முதல் வாரம் நான் லண்டன் போனது ஊர் பார்க்க அல்ல. மேற்குக் கென்யாவில் சிறு விவசாயிகளின் மண்ணைச் சோதித்துச் சொல்லும் வேலை எனக்கு. பன்னிரண்டு வயல்களின் மண், பன்னிரண்டு பைகள், கையில் இறக்குமதி அனுமதிக் கடிதம். தெற்கு லண்டனில் ஸ்ட்ரெதம் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் கென்யாவில் மழை இறங்கிவிடும்.

ஏழாம் எண் பை அத்தியேனோ என்ற பெண்ணுடையது. அவர் நிலம் ஒரு ஏக்கர்கூட இல்லை. இரண்டு வருடம் உரம் போட்டும் மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் மஞ்சளாகி நின்றுவிட்டது. மண்ணில் அமிலம் கூடிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். அப்படியானால் மழைக்கு முன்பே சுண்ணாம்பு இட வேண்டும், இல்லையென்றால் போடுகிற உரம் வீண். இந்த முறையும் விளையாவிட்டால் நிலத்தைக் கரும்புக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவேன் என்றிருந்தார். அவருடைய நான்கு பிள்ளைகளும் சாப்பிடுவது அந்த நிலத்திலிருந்துதான்.

வியாழன் மாலை ஹீத்ரோவில் இறங்கி, கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் என் தோழியின் அக்கா ரெஜினா வீட்டில் தங்கினேன். மன்னார்க்காரர். சமையலறை ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலைச் செடி, ஒன்பது குளிர்காலம் தாண்டியது. லண்டன் தமிழர் வீடுகளில் அதற்குக் கிடைக்கும் கவனிப்பு விருந்தாளிக்குக் கிடைக்காது. பைகளை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். என் முட்டாள்தனம் அதுதான்.

காலை பத்தரைக்குப் பார்த்தால் ஏழாம் எண் பை ஜன்னலோரம் சுருங்கிக் கிடக்கிறது, மண் கறிவேப்பிலைத் தொட்டிக்குள்.

"நீ செடிக்குத்தான் கொண்டு வந்தனி எண்டு நினைச்சன்," என்றார் அக்கா. வருகிற எல்லாரிடமும் அவர் கேட்டு வாங்குவது செடிக்கு ஏதாவதுதான்.

பையின் அடியில் ஒரு பிடி மிச்சம் இருந்தது. தொட்டியில் கலந்தது சோதனைக்கு உதவாது. அதைவிட மோசம், கடிதத்தின்படி அந்த மண் பட்ட எதையும் வெளியே விட முடியாது. தொட்டியும் செடியும் ஆய்வுக்கூடத்தில் அழிக்கப்பட வேண்டும்.  அதை அக்காவிடம் சொன்னேன், அத்தியேனோவைப் பற்றியும் சேர்த்து.

 அவர் குப்பைப் பை இரண்டை எடுத்துத் தொட்டியைத் தானே சுற்றிக் கட்டினார். "என்ர செடி போனாப் போகட்டும். அந்த மனிசிக்கு மழைக்கு முதல் சொல்லிப்போடு."

11.10க்கு மினிகேப் என்ற வாடகைக் கார். சுமார் பதினைந்து மைல், முப்பத்தைந்து பவுண்ட். தேம்ஸுக்கு அடியில் போகும் பிளாக்வால் சுரங்கத்துக்கு முன்னால் வண்டிகள் அசையவே இல்லை. "ஒரு மணிக்குள்ள ஏலாது போல," என்றார் ஓட்டுநர், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய யாழ்ப்பாணத்துக்காரர். மடியில் தொட்டியோடு கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 12.54க்குக் கதவைத் தட்டினேன். ஒரு பிடி மண் அமிலச் சோதனைக்கு மட்டும் போதும் என்றார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

அமிலம்தான். திங்களன்று அத்தியேனோவிடம் தொலைபேசியில் சொன்னேன். மழைக்கு நான்கு நாள் முன்னால் அவர் சுண்ணாம்பு தூவி முடித்தார். ஆகஸ்டில் மக்காச்சோளம் அவர் தலைக்கு மேல் நின்றது. நிலம் கரும்புக்குப் போகவில்லை.

மண் மாதிரியோடு லண்டன் போகிறவர்களுக்கு: பையைப் பூட்டிய பெட்டியில் வையுங்கள், தங்கும் வீட்டில் முதல் வேலையாக அது என்னவென்று சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை பிளாக்வால் வழியை நம்பாதீர்கள்.

அதற்குப் பிறகு இரண்டு முறை ரெஜினா அக்கா வீட்டில் சாப்பிட்டேன். குழம்பில் கறிவேப்பிலை இல்லை. இரண்டு முறையும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த மனிசிக்கு இந்த முறை விளைஞ்சதோ?"