விழுங்கச் சொல்லாத நேரம்

ஷியாவ் ஜின்-துவான் முப்பத்து நான்கு வருடம் ரயில் ஓட்டினார். தைவானின் சாங்ஹுவாவிலிருந்து கடற்கரைப் பாதையில் போவதும் வருவதும். சிக்னல் வந்தால் வலது சுட்டுவிரலை நீட்டி, "சிக்னல், பச்சை!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். கடிகாரம், கதவு, வேகம், எல்லாவற்றுக்கும் விரல், எல்லாவற்றுக்கும் குரல். பணிமனையில் எல்லோரும் அப்படித்தான். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் விரலை மடக்கிக்கொண்டார்கள். இவர் மடக்கவில்லை. வீட்டில் கேஸ் அடுப்பைக் காட்டி, "அடுப்பு, மூடியாச்சு!" என்பார். செருப்பைக் காட்டி, "ஜோடி, சரி!" என்பார்.

"என்னை மட்டும் ஒரு நாளும் கைகாட்டிப் பாத்ததில்லையே, வண்டிக்காரரே," என்றாள் மனைவி மெய்-சூ.

உடனே விரல் நீண்டது. "மனைவி, எதிரே! வேகம் குறை!"

அறுபத்தெட்டாம் வயதில் பார்க்கின்சன் வந்தது. முதலில் கட்டைவிரல், பிறகு நடை, பிறகு முகம். சிரிப்புக் கதை சொன்னாலும் சாவுச் செய்தி சொன்னாலும் ஒரே முகம். குரல் இறங்கியது. ஒரு கிண்ணம் கஞ்சிக்கு ஐம்பது நிமிடம் ஆனது. ஐந்து மாதத்தில் ஏழு கிலோ குறைந்தார். தேநீர் குடித்தால் இருமினார். பிறகு இருமல் நின்றுவிட்டது. மெய்-சூ நிம்மதியடைந்தாள். மகள் பெய்-யூன் பயந்தாள். மூச்சுக்குழாயில் எது இறங்கினாலும் இருமலே வராமல் போவதுதான் இந்த நோயில் கெட்டது.

பெய்-யூன் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவள். பதினாறு வருடமாக ஈரலையும் பித்தப்பையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டுதான் அவள் பிரிவில் அதே கருவியைத் தாடைக்கு அடியில் வைத்து, நோயாளி விழுங்குவதைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். எக்ஸ்-ரே இல்லை, வெள்ளை மருந்தைக் கரைத்துக் குடிக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். நாக்கின் வேரில் இருக்கும் சிறிய எலும்பு திரையில் நிழலாகத் தெரியும். விழுங்கும்போது அது மேலும் முன்னும் எழும். எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுவார்கள்.

நரம்பு மருத்துவர் சுருக்கமாகச் சொன்னார்: "அளவு நல்லா இருந்தா வாயால சாப்பிடட்டும். இல்லைன்னா மூக்கு வழியா குழாய் போட்டுடலாம்."

வீடு திரும்பும் வழியில் ஜின்-துவான் வாய் திறந்தார். "குழாயில ஊத்துறதுக்குப் பேரு சாப்பாடா? அது என்ஜினுக்குத் தண்ணி பிடிக்கிறது."

"உயிரோட இருப்பீங்க அப்பா."

"ஷெட்ல நிக்கிற வண்டியும்தான் இருக்கு."

அவருக்கு பா-வான் வேண்டும். கிழங்கு மாவுத் தோலுக்குள் பன்றி இறைச்சியும் மூங்கில் குருத்தும் வைத்து, எண்ணெயில் மிதக்கவிட்டு, இனிப்புச் சாறு ஊற்றித் தருவது. அந்த ஊரில் பிறந்தவனுக்கு அது உணவு. தொண்டை தளர்ந்தவனுக்கு அது பசை.

ஓட்டுநராக ஆண்டுதோறும் உடல் தகுதித் தேர்வுக்குப் போனவர் அவர். ஒரு முறையும் தோற்றதில்லை. இந்த ஸ்கேனையும் அப்படியே எடுத்துக்கொண்டார். பத்து நாள் குளியலறைக் கண்ணாடி முன் நின்று விழுங்கிப் பயிற்சி செய்தார். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரம் எது என்று கணக்குப் போட்டு, தேர்வுக்குச் சரியாக ஒரு மணி நேரம் முன்னால் விழுங்கினார்.

சொந்த அப்பாவை மகளே பார்க்கக் கூடாது என்று அந்தப் பிரிவில் விதி இல்லை. இருந்திருக்கலாம். ஜெல் தடவி, கருவியை வைத்து, தண்ணீர்க் கரண்டியை நீட்டி பெய்-யூன் சொன்னாள்: "நான் சொன்னதும் விழுங்குங்க."

ஜின்-துவான் கையை உயர்த்தினார். விரல் நடுங்கியது, ஆனால் நேராக நின்றது. "தண்ணி, அஞ்சு மில்லி! தொண்டை, காலி! புறப்படு!"

எலும்பு எழுந்தது. பதினாறு மில்லிமீட்டர்.

பக்கத்தில் நின்ற சக ஊழியை யி-ஜென் கைதட்டினாள். "மாமா, எனக்கே இவ்வளவு வராது!"

"நீ சிக்னல் பாக்காம விழுங்குறே," என்றார்.

தயிர், பதினைந்து. மறுபடி தண்ணீர், பதினாறு. படிவத்தின் கட்டங்கள் நிரம்பின. யி-ஜென் அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போனாள். பெய்-யூன் கருவியை இன்னும் எடுக்கவில்லை.

"மதியம் எங்க சாப்பிடலாம்?" என்று அவர் கேட்டார். கேட்டு முடித்ததும் வாயில் ஊறிய எச்சிலைத் தன்னையறியாமல் விழுங்கினார். திரையில் நாக்கு முன்னும் பின்னும் மூன்று முறை தவித்தது. எலும்பு கொஞ்சம் எழுந்தது, பாதியில் நின்றது, இறங்கியது. அளக்காமலே அவளுக்குத் தெரியும். ஆறுக்கு மேல் இருக்காது.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. சொல்லி விழுங்கியதை மட்டுமே படிவம் கேட்டது.

"பாஸா?" என்றார்.

முகத்தில் எதுவும் அசையவில்லை. கண் மட்டும் அவளையே பார்த்தது. பெய்-யூன் துடைக்கும் தாளை எடுத்தாள்.

"பாஸ் அப்பா."

அறிக்கை மிகச் சுத்தமாக இருந்தது. அதில் பொய் ஒரு வரி கூட இல்லை.

அன்று மதியமே பா-வான் கடை. மகள் ஒரு நிபந்தனை போட்டாள்: சின்னச் சின்னத் துண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் விரல், குரல், பிறகுதான் விழுங்கல். "துண்டு, சிறிசு! தொண்டை, காலி! புறப்படு!" கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியிலிருந்து நிமிர்ந்தார்.

"ஷியாவ் அண்ணே, எங்க போகுது வண்டி?"

"வயித்துக்கு. வழியில நிக்காது."

ஏழு மாதம் அப்படியே ஓடியது. மெய்-சூ சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, "புறப்படலாம்!" என்று பதில் குரல் கொடுக்கப் பழகினாள். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவர்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை. இரண்டு கிலோ ஏறினார். நரம்பு மருத்துவர் ஒரு கூட்டத்தில் காட்டிய வரைபடத்தில், எல்லாப் புள்ளிகளுக்கும் மேலே தனியாக நின்ற ஒரு புள்ளி ஜின்-துவான். பெய்-யூன் கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். பெருமையாக இருந்தது. ஆறு மில்லிமீட்டரை யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் மாதம் காய்ச்சல் வந்தது. வலது நுரையீரலின் அடியில் நிமோனியா.

"ஒரு வாய் கூட சொல்லாம முழுங்கலையே," என்று மெய்-சூ அவசரப் பிரிவில் திரும்பத் திரும்பச் சொன்னாள். "நான் எதிர்லயே உக்காந்திருந்தேன். என்ன தப்பு பண்ணோம்?"

தப்பு எதுவும் இல்லை. பா-வான் குற்றமற்றது. அது ஒவ்வொரு முறையும் உரிய பாதையில்தான் போனது. மதியம் தொலைக்காட்சி முன் சாய்வு நாற்காலியில் தூங்கும்போது ஊறிய எச்சில்தான் சிக்னல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை மனிதன் தன்னையறியாமல் விழுங்குகிறான். அவற்றில் ஒன்றுக்கும் யாரும் விரல் நீட்டுவதில்லை.

மருத்துவமனையில் மூக்கில் குழாய் போட்டார்கள். தேர்வில் தேறி எந்தக் குழாயைத் தவிர்த்தாரோ, அதே குழாய். மூன்றாம் நாள் மகள் பக்கத்தில் நின்றபோது அவர் விரலைக் குழாயை நோக்கி நீட்டினார். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"என்னப்பா?"

குனிந்து காதைக் கொடுத்தாள்.

"நான்... பாஸ்தானே?"

"பாஸ்தான் அப்பா."

பதினோராம் நாள் இறந்தார்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் பெய்-யூன் வேலைக்குத் திரும்பினாள். நரம்பு மருத்துவரிடம் போய் ஆறு மில்லிமீட்டரைச் சொன்னாள். அவர் பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தார். பிறகு, "படம் இருக்கா?" என்றார். இல்லை. அவள் சேமிக்கவில்லை. படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்றாள். குழுவில் வைக்க வேண்டும், ஆறு மாதமாகும் என்றார். அவள் தன் கைவசமிருந்த படிவங்களில் அடிக்குறிப்பாக, பேனாவால், ஒரு கட்டம் வரைந்துகொண்டாள்.

அன்று காலை வந்தது ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியை. முதுகு வளையாமல் உட்கார்ந்தார். கேட்டபோதெல்லாம் விழுங்கினார். பதினான்கு, பதினைந்து, பதினான்கு.

"முடிஞ்சுதா?"

"இன்னும் மூணு நிமிஷம் டீச்சர். கருவி இப்படியே இருக்கட்டும்."

"விழுங்கட்டுமா?"

"வேண்டாம். உங்க மருமகளைப் பத்திச் சொல்லுங்க."

தலைமையாசிரியை தொண்டையைச் செருமிக்கொண்டார். விஷயம் நிறைய இருந்தது. மூன்றாவது குற்றச்சாட்டின் நடுவில் எலும்பு லேசாக அசைந்தது. பெய்-யூன் படத்தை நிறுத்தி, சேமித்து, அளந்தாள்.

ஐந்து.

"எப்படி இருக்கு? நல்லா பண்ணேனா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"இல்ல டீச்சர்," என்றாள் பெய்-யூன்.