செருப்பு, பாலு, சில்லறை

ராக்கையா மாதிரி டி-ஷர்ட் அயர்ன் பண்ண அவிநாசி ரோட்டில் இன்னொருத்தன் கிடையாது. அவன் கை பட்ட பீஸில் காலர் தூக்காது, சைடு தையல் முறுக்காது. ஆனால் அவன் போட்டிருக்கும் சட்டையைப் பார்த்தால் வாயில் போட்டு மென்று துப்பியது மாதிரி இருக்கும். கேட்டால், "ஊருக்கெல்லாம் தேய்ச்சு அலுத்துப் போச்சுக்கா. எனக்கு வேற தேய்க்கணுமாக்கும்?" என்பான்.

நான் அவன் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் பேக்கிங்குக்கும் அயர்னுக்கும் பொறுப்பு. பெயர் குழந்தையம்மாள். பெயரில்தான் குழந்தை, என் வாய்க்குப் பயந்து கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவார்கள். ராக்கையா மட்டும் பயப்பட மாட்டான். நான் திட்டத் திட்ட, அயர்ன் பாக்ஸில் இருந்து புஸ்ஸென்று ஆவியை விட்டு அதற்குள் மறைந்துகொள்வான்.

உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். வானமும் கைவிட்டு வேலையும் இல்லாமல் போனபோது திருப்பூருக்கு பஸ் ஏறியவன். ஹெல்பராகச் சேர்ந்து, பீஸ் தூக்கி, பிசிறு வெட்டி, கடைசியில் அயர்ன் டேபிளுக்கு வந்து அங்கேயே வேர்விட்டான். ஊர்த் திருவிழாவில் எல்லோரும் ஆடினால் இவன் ஜெனரேட்டர் பக்கத்தில் காவல் நிற்பானாம். "டீசல் தீந்துருமேனுதேன்" என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். ஆட வராது என்பதுதான் உண்மை.

அவன் மனைவி நதியா எங்கள் கம்பெனியிலேயே செக்கிங். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, தையல் விட்டதோ, எங்கே தப்பு தெரிகிறதோ அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. பீஸ் சரியாகித் திரும்பி வந்தால், ஒட்டியவளே பார்த்து, மனசுக்குத் திருப்தி என்றால்தான் அந்த அம்பை உரிப்பாள். வேறு யாரும் உரிக்கக் கூடாது. செக்கிங் டேபிளில் இது சட்டம்.

2007இல் கம்பெனிக்கு ஆண்டு விழா வந்தது. முதலாளி ரத்தினசாமியின் மகள் அக்ஷரா பெங்களூரில் படித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். படிப்போடு டேப் டான்ஸும் கற்றுக்கொண்டு வந்து, விழாவில் தொழிலாளர்களை ஆடவைப்பேன் என்று நின்றாள். டேப் டான்ஸ் என்றதும் எங்கள் ஆட்கள், இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆடுவது போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். கட்டிங் ஆட்கள் தங்களுக்குத்தான் முதல் உரிமை என்று சண்டைக்கே வந்தார்கள்.

"அதில்லீங்க்கா, ஷூ அடியில தகடு இருக்குமுங்க. நாம கால வெக்கற சத்தமே மேளமாட்டக் கேக்கும்" என்று அக்ஷரா எனக்கு விளக்கினாள். அத்தோடு ஒரு விதியும் போட்டாள். புருஷன் பொண்டாட்டிதான் ஜோடி. "வேற வேற ஆளப் போட்டா ஊட்டுக்கு ஊடு பஞ்சாயத்து ஆயிருமுங்க." சின்னப் பெண்ணானாலும் விவரமான பெண்.

முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் நதியா. புருஷன் பெயரையும் அவனிடம் கேட்காமலே கொடுத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளை டான்ஸில் சேர்த்திருக்கிறார்கள். பாவாடை கட்டி, பூ வைத்து, முகத்துக்கு ரோஸ் பவுடரும் போட்டாகிவிட்டது. மேடைக்குப் பின்னால் நின்றவளை அவள் அப்பன் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம்.

"அந்தப் பவுடரோடயே வீட்ல சட்டி கழுவுனேன்க்கா. அப்பறம் ஒரு மேடையும் ஏறல. இந்த ஒரு தடவ ஏறிரணும்" என்றாள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அப்பன் எதிரில் இருந்திருந்தால் பேக்கிங் டேப்பால் வாயை ஒட்டியிருப்பேன்.

ராக்கையா விஷயம் தெரிந்து தலையில் கை வைத்தான். "எனக்கு நிக்கத்தேன் தெரியும். நின்னுக்கிட்டே சம்பாரிச்சவன் நான்" என்று அழாத குறை. ஆனால் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தபின் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

ஷிப்ட் முடிந்து சாப்பாட்டு ஹாலில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் பயிற்சி தொடங்கியது. முதலில் ஒரே ஒரு ஸ்டெப். அது வந்தால் மீதியெல்லாம் வந்துவிடும் என்றாள் அக்ஷரா. வலது காலைத் தரையில் உரசி முன்னால் வீச வேண்டும், உரசிக்கொண்டே பின்னால் இழுக்க வேண்டும். அந்தக் காலின் முன்பாதத்தைப் பின்னால் ஊன்றி, உடனே இடது காலுக்கு மாற வேண்டும். நாலு சத்தம். பார்க்க ஒன்றுமில்லை மாதிரிதான் இருந்தது. "ஷஃபிள், பால் சேஞ்ச்! ஷஃபிள், பால் சேஞ்ச்!" என்று அவள் கை தட்டினாள்.

ராக்கையா கையைத் தூக்கினான். "ஏம்மா, சப்பல்னா செருப்புதேன? எங்க டேபிள்ல வேல பாக்குற பீகார்ப் பயலுக அப்பிடித்தேன் சொல்லுவாய்ங்க. செருப்பு, பாலு, சில்லறை. இது நான் தெனம் காலையில பண்றதுதேனம்மா. செருப்ப மாட்டு, பாலுக்குச் சில்லறைய எடு, கடைக்குப் போ."

ஹாலே சிரித்துப் புரண்டது. அது பசும்பால் இல்லை, பாதத்தின் முன்பக்கம் மெத்தென்று இருக்கும் இடத்துக்கு இங்கிலீஷில் அப்படிப் பெயர் என்று அக்ஷரா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? மறுநாள் எல்லா ஜோடியும் "செருப்பு, பாலு, சில்லறை" என்று சொல்லித்தான் ஆடியது. வேறு வழியில்லாமல் அக்ஷராவும் அதையே சொல்ல ஆரம்பித்தாள்.

பெயர் வைத்தவனுக்குத்தான் ஸ்டெப் வரவில்லை. செருப்பு வரைக்கும் பிரமாதம். வலது கால் வெண்ணெய் மாதிரி முன்னும் பின்னும் போகும். பாலில் வந்து மாட்டிக்கொள்வான். வலது காலைச் சும்மா தொட்டு வைப்பானே தவிர அதன்மேல் நிற்க மாட்டான். உடம்பெல்லாம் இடது காலிலேயே கிடக்கும். அப்புறம் இடது கால் எப்படிக் கிளம்பும்? ஒரு குதி குதித்துத் தொம்மென்று இறங்குவான். எல்லோரும் நாலு சத்தத்தில் முடித்தபின் அவனுடைய தொம் தனியாக வந்து விழும்.

"சத்தம்தானுங்க இதுல எல்லாமே. ஒரு கால் பிசகுனாலும் மொத்தமும் கெட்டுப் போயிரும்" என்றாள் அக்ஷரா. இன்னும் மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை எல்லோரையும் பார்ப்பாள். ஸ்டெப் வராத ஜோடி விலகிக்கொள்ள வேண்டும். கெட்ட எண்ணத்தில் அவள் சொல்லவில்லை. ஆனால் நதியாவின் முகம் சுருங்கிப் போனது. அவளுக்கு ஸ்டெப் முதல் நாளே வந்துவிட்டது, பாவம்.

ராக்கையா சும்மா இருக்கவில்லை. பழைய ஷூ ஒன்று வாங்கி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புத் தைப்பவரிடம் லாடம் அடித்துக்கொண்டு வந்தான். குடியிருந்த லைன் வீட்டு மொட்டை மாடியில் விடியற்காலையிலேயே ஏறி ஆடத் தொடங்கினான். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் லிங்கசாமி துண்டை உதறிக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டார்.

"ஏனுங்க ராக்கையா, மேல மாட்டக் கட்டி வெச்சிருக்கறீங்களா? காரை பேந்து காப்பில உழுகுதுங்க."

"மாடு இல்லங்கய்யா, நான்தேன்."

"மாடா இருந்தா ரண்டு அதட்டுல நின்னிருக்குமுங்க" என்று முனகிக்கொண்டே இறங்கிப் போனார்.

அன்றைக்கு மத்தியானம் நதியா அயர்ன் பகுதிக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். புருஷன் வேலை செய்வதைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். பீஸைப் புரட்டிப் பார்க்கும் அதே பார்வை. அயர்ன் டேபிளுக்குக் கீழே ஒரு பெடல் உண்டு. அதை மிதித்தால் டேபிள் காற்றை உறிஞ்சும். துணி நகராமல் படியும். ராக்கையா காலம் முழுக்க வலது காலால் பெடலை மிதித்தபடி, இடது காலில் நின்றே வேலை பார்த்தவன். வலது கால் ஓயாமல் அசைந்தது. இடது கால் கம்பம் நட்ட மாதிரி நின்றது.

நதியா குனிந்தாள். கையிலிருந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கரில் ஒன்றை உரித்து அவன் இடது முழங்காலுக்குக் கீழே பேண்ட்டில் ஒட்டினாள்.

"தப்பு இங்கனதேன் இருக்கு மாமா" என்றாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள். "அக்கா, இவர முனீஸ் அண்ணே டேபிள்ல போடுங்க."

முனீஸ் எங்களிடம் இருந்த ஒரே இடதுகைக்காரன். அவன் டேபிளில் எல்லாமே தலைகீழ். அயர்ன் இடது பக்கம், பெடலும் இடது காலுக்கு. நொட்டாங்கை டேபிள் என்று பெயர். வேறு எவனும் அதில் நிற்க மாட்டான். ஷிப்மெண்ட் நேரத்தில் டேபிள் மாற்றுவதா? நான் கத்தினேன். "உன்ற ஊட்டுக்காரன் டான்ஸ் கத்துக்கறதுக்கு நான் கன்டெய்னர நிறுத்தி வெக்கோணுமா?"

அவள் அசையவில்லை. "நிறுத்த வேணாம்க்கா. கொறையுற பீஸ நான் சாப்பாட்டு நேரத்துல நின்னு மடிச்சுத் தாரேன்" என்றாள். கண் கலங்கவில்லை, கெஞ்சவும் இல்லை. அந்தப் பவுடர் முகத்தோடு சட்டி கழுவிய பிள்ளை எனக்கு ஞாபகம் வந்து தொலைத்தது. சரி, போய்த் தொலை என்றேன். முனீஸ்தான் தன் டேபிளைக் கொடுக்க மூக்கால் அழுதான். அதென்ன உனக்குச் சீதனமாகவா வந்தது என்று ஆரம்பித்து வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லி அவனை அடக்கினேன்.

முதல் நாள் கூத்துதான். ராக்கையாவின் வலது கால் பெடலே இல்லாத இடத்தில் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அயர்ன் பாக்ஸை நீட்டிய கை ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். மார்பில் மடிப்பு விழுந்த டி-ஷர்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் அவன் மூஞ்சிக்கு நேரே ஆட்டினேன். அவன் ஆவியை விட்டு மறைந்துகொண்டான். நதியா சொன்னபடி டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு வந்து நின்று மடித்தாள்.

போகப் போக வலது கால் நிற்கப் பழகியது. கம்பமாகக் கிடந்த இடது காலுக்கு உயிர் வந்து மிதிக்க ஆரம்பித்தது. ஒருநாள் டீ வாங்கப் போனவன் வழியில் நின்றான். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே காலை வீசினான், இழுத்தான், ஊன்றினான், மாறினான். நாலே சத்தம். தொம் வரவில்லை. நம்பாமல் இன்னொரு தரம் செய்தான். டீ முழுக்க என் புதுச் சேலையில் கொட்டியது. நான் அன்றைக்கு அவனைத் திட்டவில்லை, ராக்கையாவுக்கே அது சந்தேகமாகப் போய், "ஒடம்பு சரியில்லையாக்கா?" என்று கேட்டான்.

சனிக்கிழமை அக்ஷரா பார்த்தாள். ஜோடி தேறிவிட்டது. "சூப்பருங்ண்ணா!" என்று அவள் குதித்தாள். ராக்கையா மீசையைத் தடவிக்கொண்டு இடது காலை நதியாவின் பக்கம் நீட்டினான், ஸ்டிக்கரை உரிக்கச் சொல்லி.

"மேடையில பாத்துட்டுத்தேன்" என்றாள் செக்கிங்காரி.

விழா அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் பலகை போட்டு மைக் கட்டியிருந்தார்கள். நதியா பச்சைச் சேலையைத் தூக்கிச் செருகி, முகத்துக்கு ரோஸ் பவுடர் போட்டு வந்திருந்தாள். ராக்கையா அம்பு ஒட்டிய அதே பேண்ட்டில்தான் வந்தான். அந்த அப்பன் வந்தால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாசல் பக்கமாகவே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அந்த ஆள் செத்துப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

திரை விலகியது. பாட்டு கிளம்பியது. எல்லா ஜோடியும் ஆரம்பித்தது. நதியா ஆரம்பிக்கவில்லை. கண் மட்டும் கூட்டத்தைப் பார்த்து விரிந்திருந்தது. கால் இரண்டும் பலகையில் ஒட்டிக்கொண்டு விட்டன. கம்பெனியிலேயே முதலில் ஸ்டெப் வந்தவள், சிலையாக நிற்கிறாள். எனக்கு இவ்வளவு தூரம் வந்து மறுபடியும் மேடை போயிற்றே என்று இருந்தது.

ராக்கையா ஆடிக்கொண்டே அவள் முன்னால் வந்தான். மைக் இருப்பது அவனுக்கு நினைவில்லை. மண்டபம் பூராவும் அவன் குரல் கேட்டது.

"ஏய் நதியா! செருப்ப மாட்டு. பாலுக்குச் சில்லறைய எடு. வா, கடைக்குப் போவோம்."

ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். நதியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் வலது கால் தானாக வீசியது. செருப்பு, பாலு, சில்லறை. அதற்கப்புறம் அவளை நிறுத்த ஆள் இல்லை. பாட்டு முடிந்த பிறகும் அவள் ஒரு தரம் சேர்த்து ஆடினாள். ராக்கையா கூப்பிட்டு வந்திருந்த வீட்டுக்காரர் லிங்கசாமியே எழுந்து நின்று கை தட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கைதட்டல் அடங்கும் முன்னே நதியா மேடையிலேயே குனிந்து ராக்கையாவின் காலில் இருந்த சிவப்பு அம்பை உரித்தாள். கீழே போடவில்லை. தன் தோளில், சேலை மடிப்பின்மேல் ஒட்டிக்கொண்டாள். "மிஸ்டேக்கு இன்னைக்கி இங்கிட்டு வந்துருச்சு மாமா" என்றாள். அதுவும் மைக்கில் கேட்டது.

நான் முன்வரிசைக்குப் போய், "எடுத்து உடுடா, பாவம் அந்தப் புள்ள" என்று ராக்கையாவிடம் சொன்னேன்.

"அதெப்பிடிக்கா? ஒட்டுனவதேன எடுக்கணும்" என்றான் அவன். பிறகு அவளைப் பார்த்து, "அடுத்த வருசம் மேடையில ஆடிட்டு எடுத்துக்க" என்றான்.

அவளும் எடுக்கவில்லை. தோளில் அந்தச் சிவப்பு அம்போடுதான் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.