சின்னராசு அண்ணனின் கறுப்புத் திரை

எங்கள் ஃபேரர் பார்க் அலுவலகத்தில் சின்னராசு அண்ணனோடு தினமும் சண்டை போடுபவள் நான்தான். வெறும் எழுத்துகள் மட்டும் தெரியும் கறுப்புத் திரை எடிட்டரில்தான் அவர் நிரல் எழுதுவார். மவுஸைத் தொடவே மாட்டார். எனக்கோ மெனு, பட்டன், வண்ணம் எல்லாம் வேண்டும்.

"எதுக்குண்ணே இவ்வளவு கஷ்டம்?" என்பேன்.

"நீ மெனுவைத் தேடுறதுக்குள்ள நான் வேலையவே முடிச்சிருவேன் லா, அனிதா."

கப்பல் பட்டறையில் வெல்டராக வேலை பார்த்தவர் அவர். அங்கே நடந்த விபத்தில் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அதன்பிறகு மாலை வகுப்பில் படித்துத்தான் புரோகிராமர் ஆனார்.

சென்ற வாரம் தேக்கா உணவங்காடியில் மதியம் சாப்பிடும்போதும் அதே சண்டை. புதிதாகச் சேர்ந்த ஸ்ரீநாத் குறுக்கே புகுந்தான்.

"விடுங்கக்கா, பாவம். அண்ணனால மவுஸ் பிடிக்க முடியாதில்ல?"

அண்ணன் சாப்பாட்டை முடித்துவிட்டு எழுந்தார். அலுவலகம் திரும்பியதும் நேராக என் மேசை முன்னால் போய் உட்கார்ந்தார். மவுஸை இடப்பக்கம் நகர்த்தி, இடது கையால் பிடித்தார். காலையிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த பிழையை, என் எடிட்டரிலேயே, பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துத் திருத்தினார்.

"முடியாம இல்ல, தம்பி. பிடிக்கல, அதான்."

ஸ்ரீநாத் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்காக இவரிடம் விட்டுக்கொடுக்க முடியுமா?

"பாத்தீங்களாண்ணே," என்றேன், "என் எடிட்டர்ல எவ்வளவு சீக்கிரமா முடிஞ்சிருச்சுன்னு!"