வாயில் வீசாத போதை

காவாந்தண்டலத்துத் தேவயானி, கல்யாணத்துக்கு முன் ஒன்றுதான் கேட்டாள்: மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. அவள் அப்பா குடித்தே செத்தவர். நெல் அறுவடை மெஷின் ஓட்டும் செந்தமிழனிடம் பீடி வாடைகூட இல்லை. கட்டிக்கொண்டாள்.

அறுப்புக் காலத்தில் மூன்று நாள் தூங்காமல் ஓட்டுவான். ஊரே மெச்சியது. அவன் வீட்டுக்கு வந்ததும் அவள் பக்கத்தில் போய் மோந்து பார்ப்பாள். ஒன்றும் வீசாது. நிம்மதியாகச் சோறு போடுவாள். அவன் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துபோவான்.

கன்னம் ஒட்டியது. பல் ஆடியது. ஒருநாள், நெல்லுக்குள் நாலு பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று கழனியைக் காட்டினான். மாமியார் எல்லம்மாள், "காத்து பட்டுகீது" என்று மந்திரித்த கயிறு கட்டினாள்.

அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் சின்ன கவர் இருந்தது. உள்ளே கற்கண்டு நொறுங்கியது போல ஏதோ.

"இன்னாயா இது?"

"தூக்கம் வராம இருக்கத்தான். மெஷின் ஓட்டுறவன் ஒருத்தன் குடுத்தான். நானு இன்னா குடிகாரனா? நெனச்சா நாளைக்கே வுட்டுடுவேன்."

நம்பினாள். மாதங்கள் போயின. கடைசியில் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கவரைப் பார்த்த டாக்டரம்மா, அது மெத்தபெட்டமைன் என்ற போதைப்பொருள் என்றார்.

"ஒரு ஊசி போட்டு நிறுத்திடுங்க மேடம்."

"பயம் குறைய மாத்திரை தரேன். அந்த ஆசையை நிறுத்த மாத்திரை இல்லம்மா. இது திமிர் இல்ல, நோய். மாசக்கணக்கா வரணும். நடுவுல திரும்பவும் எடுத்தாலும் எடுப்பாரு. அப்பவும் கூட்டிக்கிட்டு வாங்க."

ஐந்து நாள் தூங்கினான். பிறகு நன்றாகச் சாப்பிட்டான், உடம்பு தேறியது. "சரியாப்போச்சு" என்றது ஊர். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆஸ்பத்திரி போவது நின்றது.

அடுத்த அறுப்பில் மறுபடி ஆரம்பித்தான். "நாலு அறை வுட்டா திருந்துவான்" என்று பக்கத்து வீட்டு கிருஷ்ணசாமி சொன்னார். அவன் அண்ணன்காரன் அடித்தும் பார்த்தான். செந்தமிழன் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான்.

"வோணும்னு பண்ல தேவயானி. என்னால முடியல."



செவ்வாய்க்கிழமை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். வழியில் பஸ் நின்றபோது தண்ணீர் வாங்க இறங்கியவன் திரும்பவில்லை. பஸ் நகர்ந்தது. இறங்கித் தேடுவதா, போவதா? உட்கார்ந்தபடியே போனாள்.

"அவரு இல்லாம வந்தா பாப்பீங்களா மேடம்?"

"வாங்க" என்றார் டாக்டரம்மா.

இப்போதும் செவ்வாய்தோறும் போகிறாள். சில வாரம் அவனும் வருகிறான்.