அண்ணி போட்ட மஞ்சள் பட்டை

எனக்கு வாய் நீளம் என்று இந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டுமே! பஸ் நிறுத்தத்தில் டீக்கடை நடத்துகிறவளுக்கு வாயும் இல்லையென்றால் யார் வந்து உட்காருவார்கள்? அந்த வாயாலேயே என் அண்ணி காட்டுக்குள் ஓடிய ஓட்டத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. அதனால் வாங்க போங்க எல்லாம் எங்களுக்குள் கிடையாது. அண்ணன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். என் கடைக்கு எதிரே சாலையைத் தாண்டினால் காடு. அங்கே தொடங்கும் ஒன்பது கிலோமீட்டர் நடைபாதை காட்டைக் கடந்து, ஓடையைத் தாண்டி, புல்மேட்டில் ஏறி, சோளக்கொல்லைகளின் ஓரமாகவே போய் சின்ன ரயில் நிலையம் ஒன்றில் முடியும். அதில் நடக்க வருகிறவர்களுக்கு வழி காட்ட மரங்களில் மஞ்சள் பட்டை போடுவதுதான் அண்ணியின் வேலை.

அந்த வேலை அவளுக்கு வந்த கதையே தனி. கல்யாணமாகி வந்த புதிதில் காட்டைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று போனவள் வழி தெரியாமல் அரை நாள் சுற்றினாள். நான் தொண்டை கிழியக் கத்தித்தான் வெளியே கூட்டிவந்தேன். வந்தவள் அழவில்லை. "என்னையா சுத்தவிட்ட, இரு உன்னை!" என்று காட்டைப் பார்த்துக் கறுவினாள். மறுநாள் காலையில் வீட்டுக் கதவுக்கு வாங்கிய மஞ்சள் பெயிண்டைத் தூக்கிக்கொண்டு போய் மரம் மரமாக அடித்துவிட்டாள். வன அலுவலகத்திலிருந்து ஆள் வந்து முதலில் திட்டினார்கள். பிறகு அந்தப் பட்டைகளைப் பார்த்தே நாலு பேர் நடக்கத் தொடங்கியதும், அவளையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக் கதவு மட்டும் இன்றுவரை பாதி மஞ்சள், பாதி மரம்.

ஏழு வருடமாக அவள் அந்த வேலையைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு செய்தாள். முதலில் கம்பி பிரஷ்ஷால் மரத்தைத் தேய்ப்பாள். கண் மட்டத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை போடுவாள். ஒற்றைப் பட்டை என்றால் நேராகப் போ. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு என்றால் திரும்பு. மேல் பட்டை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அந்தப் பக்கம். ஒரு பட்டையின் அருகே நின்றால் அடுத்தது கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் நடுவில் இன்னொன்று. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு என் கடையிலிருந்து நடக்கத் தொடங்குவாள், ரயில் நிலையத்தில் போய் முடிப்பாள், ஒரு மணி பஸ்ஸைப் பிடித்துப் பிள்ளைகள் வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒரு நாள் பிசகாது.

இந்த வருடம்தான் வினை வந்தது. அதுவரை நில்லாமல் போய்க்கொண்டிருந்த ரயில் அந்தச் சின்ன நிலையத்திலும் நிற்கத் தொடங்கியது. ஆகா, கூட்டம் இரண்டு மடங்காகும் என்று நான் இரண்டு பெஞ்சு புதிதாக வாங்கிப் போட்டேன். கூட்டம் வந்தது, ஆனால் காட்டுக்குள் தொலைந்துபோய் வந்தது. இரண்டு மாதத்தில் மூன்று கூட்டம் வழி தவறிவிட்டார்கள். வயதான தம்பதியை ஆள் விட்டுத் தேடி, சாயங்காலம்தான் கண்டுபிடித்தார்கள். பாதையை மூடிவிடலாம் என்று அலுவலகத்தில் பேச்சு கிளம்பியது.

"போனையே பாத்துக்கிட்டு நடந்தா வழி எப்படித் தெரியும்?" என்று நான் பொரிந்து தள்ளினேன். அண்ணியோ மூன்று தடவை போய் ஒவ்வொரு பட்டையாகப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லாம் பளிச்சென்று இருந்தன. சோறு இறங்கவில்லை அவளுக்கு. இந்தப் பாதை போனால் அவள் பாதி உயிர் போன மாதிரி. அது எனக்குத் தெரியும்.

அந்த வியாழக்கிழமை, மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு அதிகாரி வருவதாக இருந்தது. அண்ணி விடிந்ததிலிருந்து பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக என் கடையிலேயே தவம் கிடந்தாள். ஒன்பது மணிக்குக் கடை போன் அடித்தது. பெண் குரல், கறாரான குரல்.

"நான் ரயில்ல வந்து இறங்கிட்டேன். இங்கிருந்தே நடந்து வரேன். யாரும் துணைக்கு வரவேண்டாம். அடையாளத்தை மட்டும் பாத்து வந்து சேந்துட்டா பாதை இருக்கும். இல்லன்னா இன்னைக்கே மூடிடுவேன்."

"வரட்டும்! கண்ண மூடிக்கிட்டுக்கூட வரலாம்" என்றாள் அண்ணி. பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கப் புதரை விலக்கிக்கொண்டு ஒரு கண்ணாடிக்காரரும் அவர் மனைவியும் வெளியே வந்தார்கள். கையெல்லாம் முள் கீறல். முதல் ரயிலில் வந்து இறங்கி நடந்தார்களாம்.

"என்னங்க பாதை இது? ஓடையைத் தாண்டினதுலேருந்து ஒரு அடையாளமும் இல்லையே!" என்றார் அவர்.

"மரத்துக்கு மரம் மஞ்சப் பட்டை இருக்கே, கண்ணாடியைத் தொடச்சுட்டுப் பாத்தீங்களா?" என்று நான் எகிறினேன்.

அண்ணி எழுந்தாள். விறுவிறுவென்று சாலையைத் தாண்டி முதல் மரத்தருகே போனாள். எங்கள் பக்கம் பட்டை பளபளத்தது. மரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். வெறும் மரம். அடுத்த மரத்துக்கு ஓடினோம், அதுவும் வெறும் மரம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழு வருடமாக இங்கிருந்து அங்கே போயிருக்கிறாளே தவிர, அங்கிருந்து இங்கே ஒரு நாள்கூட நடந்ததில்லை! திரும்புவதெல்லாம் பஸ்ஸில்.

"அடிப் பாவி! ஒரு பக்கம்தான் போட்டிருக்கேன்டி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரி, வா, இங்கேருந்தே பின்பக்கமா போட்டுக்கிட்டே போகலாம்" என்றேன் நான்.

"அறிவிருக்கா உனக்கு? அந்தம்மா மொதல்ல வர்றது ஓடைக்கு. கொல்லை ஓரம் வேலி இருக்கு, மேட்டுல சுவர் இருக்கு, அங்கெல்லாம் வழி தவறாது. பாலம் தாண்டினாத்தான் காடு. நாம ஓடைக்கு ஓடணும், அங்கேருந்து திரும்பிப் போட்டுக்கிட்டே வரணும். தூக்குடி டப்பாவ!"

கடையைக் கண்ணாடிக்காரர் மனைவியிடம் ஒப்படைத்தேன். பால் பொங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். என்ன ஓட்டம் அது! நாலு கிலோமீட்டர்! அண்ணி பிரஷ்ஷைப் பிடித்தபடி முன்னே சிட்டாய்ப் பறக்கிறாள். நான் பாதி டப்பா பெயிண்டைத் தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு பின்னால். இலைச் சருகு வழுக்குகிறது, வேர் தடுக்குகிறது, ஒரு முயல் எங்களைப் பார்த்து மிரண்டு ஓடுகிறது. மூச்சு முட்டினாலும் எனக்குச் சிரிப்பு வேறு வந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஓடியதே இல்லை.

ஓடையின் பலகைப் பாலத்தில் போய் நின்றபோது தூரத்தில் புல்மேட்டின் உச்சியில் ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது.

"வந்தாச்சுடி!" என்றாள் அண்ணி. திரும்பிக் கடைப் பக்கமாகப் பட்டை போடத் தொடங்கினாள். தேய், அடி, ஓடு. தேய், அடி, ஓடு. முதல் திருப்பத்தில் இரட்டைப் பட்டை போட்டாயிற்று. இரண்டாவதிலும் ஆயிற்று. எனக்கோ உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "அடி, அண்ணி, அடி!" என்று கத்திக்கொண்டே டப்பாவை நீட்டினேன்.

மூன்றாவது திருப்பத்தில் அண்ணி நின்றாள். பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், திருதிருவென்று விழித்தாள்.

"எந்தப் பக்கம்?" என்றேன்.

"தெரியலடி."

"வெளையாடாத, அண்ணி. ஆள் வருது."

"சத்தியமாத் தெரியல. இந்த எடத்த நான் பாத்ததே இல்ல!"

ஏழு வருடம்! நூற்றுக்கணக்கான தடவை கடந்த இடம்! ஓடி வந்தபோதுகூடப் பழக்கத்தில் கால் போன போக்கில் போய்விட்டாள். இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறபோது காடே வேறு காடாக நிற்கிறது. எனக்கும் ஒன்றும் புரியவில்லை. நாங்கள் பேய் அறைந்தவர்கள் மாதிரி நிற்கும்போதே பின்னால் சருகு நொறுங்கியது. வெள்ளைத் தொப்பி! கையில் தடி, தோளில் பை, ஐம்பது வயது, கத்தி போன்ற பார்வை.

"யார் நீங்க?"

"சும்மா நடக்க வந்தோம்" என்றேன் நான். கையில் பெயிண்ட் டப்பாவை வைத்துக்கொண்டு இதைச் சொன்னேன் பாருங்கள், என் வாயை என்னவென்று சொல்வது!

அண்ணி என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"நான்தாங்க பட்டை போடறவ. இதுவரைக்கும் ஒரு பக்கம்தான் போட்டிருக்கேன். ரயில்லேருந்து வர்றவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு இன்னைக்குத்தான் புரிஞ்சுது. அதான் ஓடி வந்து போடறோம். பாவம், அவங்க மேல தப்பில்ல. பாதை மேலயும் தப்பில்ல. இதோ, இப்ப எனக்கே வழி தெரியல. மூடணும்னா என் வேலைய மூடுங்க, பாதைய மூடாதீங்க." எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

அதிகாரி தடியால் இரண்டு கிளையையும் காட்டினார். பிறகு, "எந்தப் பக்கத்துலேருந்து பாத்தா உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

அண்ணி சட்டென்று வலது கிளையில் இருபதடி போய்த் திரும்பிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். இடது கிளையில் போய்த் திரும்பினாள். "இதுதான்! இதுதான்!" என்று குதித்தாள். அங்கிருந்து பார்த்தால் அவள் போட்ட பட்டை பளிச்சென்று தெரிகிறது. ஓடிவந்து கடகடவென்று இரட்டைப் பட்டை போட்டாள், மேல் பட்டை இடது பக்கம் தள்ளி.

அதிகாரி ஒரு வேரில் உட்கார்ந்து கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஒரு மணி நேரம் இங்கேயே உக்காந்திருக்கேன். போட்டு முடிங்க. அப்புறம் நான் வரேன். வழி தவறினா நான் சொன்னது சொன்னதுதான். தப்பை உங்க பேர்லதான் எழுதுவேன், அதுல மாத்தமில்ல."

"எழுதுங்க" என்றாள் அண்ணி. அதற்குள் அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் இருபதடி முன்னே போய்த் திரும்பிப் பார்த்து, பட்டை போட்டு, பெயிண்ட் டப்பாவை வழித்து வழித்து எடுத்துக் கடைக்கு வந்து விழுந்தோம். கண்ணாடிக்காரர் எங்களுக்கே டீ போட்டுக் கொடுத்தார். சுமாராகத்தான் இருந்தது.

பன்னிரண்டரை ஆயிற்று. ஒன்று ஆயிற்று. அண்ணி பெஞ்சில் உட்காரவே இல்லை. சாலை ஓரத்தில் நின்று காட்டையே பார்த்தாள். ஒன்றரை. நான் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டு முடித்திருந்தேன்.

அப்போது காட்டுக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. ஒருவர் இல்லை, ஐந்து பேர்! பத்து மணி ரயிலில் வந்த நான்கு பெண்கள் எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். பின்னால் அதிகாரி தடியை ஊன்றி வந்தார்.

அண்ணி பாய்ந்து முதல் பெண்ணின் கையைப் பிடித்தாள். "வழி தெரிஞ்சுதாம்மா? எங்கேயாவது தடுமாறினீங்களா? பட்டையெல்லாம் நல்லாத் தெரிஞ்சுதா?"

"பட்டையா?" அந்தப் பெண் தோழிகளைத் திரும்பிப் பார்த்தாள். "நாங்க கவனிக்கலையே, அக்கா. பேசிக்கிட்டே வந்தோம். பாதை தானா கூட்டிட்டு வந்துடுச்சு."

எனக்கு வந்ததே கோபம்! ஓடி, விழுந்து, உயிரைக் கொடுத்துப் போட்டால் கவனிக்கலையாமே! நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தேன். அண்ணி மஞ்சள் கையால் என் வாயைப் பொத்தினாள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"அடியே, கவனிக்கவே இல்லையாம்டி" என்றாள்.

அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து எடுத்த மூடல் உத்தரவைக் கையெழுத்துப் போடாமலே நான்காக மடித்தார்.