கடைசிக் குளியலறை

வெந்நீர் விற்கப் போகிறவள் பகல் பதினொரு மணிக்குப் போகக்கூடாது என்பது என் கட்சி. அந்த வெயிலில் எந்த முதலாளிக்கும் குளிர் நினைவுக்கு வராது. விடிவதற்கு முன், ஷிப்ட் பஸ் வருகிற நேரத்தில் போக வேண்டும். இதைச் சொன்னால் வெந்நீர் மெஷின் விற்கிற எங்கள் ஆபீசில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சூளகிரிப் பக்கம் ஒரு பெண்கள் விடுதிக்கு அப்படித்தான் போனேன். தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் மூன்று மாடிகளில் தங்கியிருந்தார்கள். கீழே முதலாளியின் வீடு. மேல்மாடியில் கடைசிக் குளியலறை முன்னால் ஒரு பெண் பக்கெட்டோடு நின்றிருந்தாள்.

"முன்னாடி ரூமுங்களுக்குத்தாங்க்கா சுடுதண்ணி. இங்க சூடா வர்றதுக்குள்ள பஸ்சு போயிடும்" என்றாள். குழாய்த் தண்ணீரில் கையை வைத்தேன். விரல் மரத்தது.

மொட்டை மாடியில் தண்ணீரைச் சூடாக்க ஹீட் பம்ப், பெரிய டேங்க், கூடவே ஒரு ரிட்டர்ன் லைன் என்று வரைந்து கொடுத்தேன். குழாயில் ஆறிப்போகும் தண்ணீரை மறுபடி டேங்குக்கே கொண்டுபோகிற லைன் அது. அது இருந்தால் எந்தக் குழாயைத் திறந்தாலும் உடனே சூடாக வரும்.

முதலாளிக்கு எல்லாம் பிடித்தது, அந்த லைனைத் தவிர. "அது வீண் செலவு, அடிச்சிடும்மா. கையெழுத்துப் போட்டுடறேன். எங்க வீட்டுக்கு மட்டும் டேங்க்ல இருந்து நேரா எடுத்துடு. இந்தப் பொண்ணுங்கல்லாம் கிராமம், பச்சத்தண்ணி பழக்கந்தான். கடைசி ரூமுக்குக் கொஞ்சம் லேட்டா வந்தா என்ன?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நானும் கிராமம்தான், கல்லாவி. கூலி வேலைக்குப் போன குடும்பம். மார்கழியில் அம்மா அண்டாவில் காய்ச்சும் வெந்நீருக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம். விறகு இல்லாத நாளில்தான் பச்சைத்தண்ணீர். அதற்குப் பெயர் பழக்கமா? ஏழைக்குக் குளிராது என்று கண்டுபிடித்தவன் ஒருநாளும் வரிசையில் கடைசியாக நின்றிருக்க மாட்டான்.

"சரிங்க சார்" என்று அவர் கண்முன்னே ரிட்டர்ன் லைனைக் கோடு போட்டு அடித்தேன். கையோடு குழாய் போகும் வழியையும் மாற்றினேன். டேங்கிலிருந்து முதலில் மேல்மாடி, பிறகு ஒவ்வொரு மாடியாக எல்லாக் குளியலறைகளும். கடைசியில் அவர் வீடு.

"ஏம்மா, எங்க வீடு எதுக்குக் கடைசில இருக்குது?"

"யாராவது ஒருத்தர் கடைசியா இருக்கணுங்க சார். லேட்டா வந்தா என்னன்னு நீங்கதான சொன்னீங்க."

திமிர் பிடித்தவள் என்று மனைவியிடம் தெலுங்கில் சொன்னார். ஓசூரில் பிழைப்பவளுக்குத் தெலுங்கு தெரியாதா? ஆமாம், திமிர்தான் என்று தெலுங்கிலேயே பதில் சொன்னேன். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி என் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"சாரி சொல்லிட்டு அவர் கேட்ட மாதிரியே வரைஞ்சு குடு. இந்த ஆர்டர் போச்சுன்னா உன் வேலையும் போச்சு."

"சொல்ல மாட்டேங்க சார். வரையவும் மாட்டேன்" என்று போனை வைத்துவிட்டேன். வண்டியைக் கிளப்பும்போது வேலை போய்விடும் என்றுதான் தோன்றியது. பயம்தான், பொய் சொல்வானேன். ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

அந்த வாரமே முதலாளியின் மனைவி போன் செய்தார். "காலைல மேல போயி அந்தக் கடைசி ரூம்ல குளிச்சுப் பாத்தேம்மா. இன்னும் பல்லு கிட்டிக்கிட்டு இருக்குது. அவருகிட்ட சொல்லிட்டேன், அந்தத் திரும்பி வர்ற பைப்பப் போட்டே குடு. எங்க வீட்ட மட்டும் முன்னாடி மாத்திடு."

"அந்தப் பைப்பு போட்டா முன்னாடி பின்னாடின்னு ஒண்ணும் இல்லீங்கம்மா, எல்லாருக்கும் ஒரே சூடுதான். அதனால வீடு இருக்கற எடத்துலயே இருக்கட்டும்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "அவரு சொன்னது சரிதான். திமிருதான் உனக்கு."

ஆர்டர் வந்ததும் மேனேஜர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். நான் நன்றி சொல்லவில்லை. சூளகிரியில் அந்த வெந்நீர் இன்றைக்கும் அந்தப் பெண்கள் எல்லாரையும் தொட்டுவிட்டுத்தான் முதலாளி வீட்டுக்கு இறங்குகிறது.