சிமெந்துப் பை அட்டை போட்ட புத்தகங்கள்

ஊரடங்குச் சட்டம் போட்ட அந்த மாதத்தில் நான் வாசித்த அளவுக்கு அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. அறிவுத் தாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெளியே போனால் சுடுவார்கள். உள்ளே இருந்தால் மனைவியோடு பேச வேண்டும். நடுவில் புத்தகம் ஒன்றுதான் இருந்தது.

எழுபத்தொன்றாம் ஆண்டு, இலங்கையில் படித்த சிங்களப் பையன்கள் அரசாங்கத்துக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கிய வருஷம். பலாபத்வலைக்குப் பக்கத்தில் ஒரு கொக்கோத் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். யாழ்ப்பாண ரோட்டில் போகும் வண்டிச் சத்தம் எங்கள் குவாட்டர்ஸுக்குத் தெளிவாகக் கேட்கும். அப்போது அந்த ரோட்டில் ஓடியவை ஜீப்புகளும் லொறிகளும் மட்டுமே. ஒவ்வொன்றும் வரும்போது நான் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். போய்விட்டால் விட்ட வரியிலிருந்து தொடருவேன். அப்படி வாசித்ததில் பேய்க்கதைக்காரர்களுக்குத்தான் நஷ்டம். ஜீப் ஓடுகிற ஊரில் பேய்க்கு என்ன மரியாதை? இரண்டு பேயை நடுவிலேயே மூடி வைத்தேன்.

மற்றபடி எதையும் விடவில்லை. காலையில் துப்பறியும் நாவல், சாப்பிட்டபின் சரித்திர நாவல், வெயில் தணிந்ததும் சித்த வைத்தியம். ஜோதிடப் புத்தகம் எனக்கு எட்டில் சனி என்றது. ஜோதிடருக்கு ரேடியோச் செய்தி கேட்கும் பழக்கம் இருந்திருக்க வேண்டும். தேனீ வளர்ப்பு வாசித்தேன். எங்களிடம் தேனீ இல்லை. விவசாயக் கந்தோரில் சும்மா கொடுத்த நெற்செய்கைக் கைநூலை இரண்டு தரம் வாசித்தேன். எங்களிடம் வயலும் இல்லை.

வாசிக்காமல் வைத்தது ஒன்றே ஒன்று. அது என் மச்சினனுடையது. மனைவியின் தம்பி, இருபத்திரண்டு வயது. படித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்தை, அதுதான் கம்பஸை, மூடியதும் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்களிடம் வந்துவிட்டான். அந்த மாதத்தில் இருபத்திரண்டு வயது என்பதே ஒரு குற்றச்சாட்டு. அதோடு கம்பஸும் சேர்ந்தால் சாட்சி வேண்டியதில்லை. பெட்டிக்குள் மெல்லிய சிவப்பு அட்டை அரசியல் புத்தகம் ஒன்று இருந்தது. பத்துப் பக்கம் பார்த்தேன். ஒருவரும் சாகவில்லை, ஒருவரும் காதலிக்கவில்லை. மூடிவிட்டேன்.

ஊரடங்கைத் தளர்த்தும் நேரத்தில் பேக்கரியில் பாணுக்கு வரிசையில் நின்ற மனைவி, ஒரு நாள் பாண் இல்லாமல் முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள்.

“அலுவிகாரைப் பக்கம் ஒரு பையனக் கொண்டு போயிட்டாங்களாம். வீட்டுல செவப்பு அட்டைப் புத்தகம் இருந்திச்சாம். தாய்க்காரி ஸ்டேசன் வாசல்லயே நிக்கிறாளாம், உள்ள இருக்கானா இல்லையான்னுகூடச் சொல்ல மாட்டேங்கிறாங்களாம்.”

மூவரும் அலுமாரியைப் பார்த்தோம். பாதி சிவப்பு. ஜோதிடம் சிவப்பு, சமையல் சிவப்பு. தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு மங்களகரமான வேறு நிறம் கிடைக்கவில்லை.

“அந்த ஒண்ண எரிச்சிரலாம்” என்றேன்.

“எரிச்சா பயந்துட்டோம்னு அர்த்தம், மச்சான்” என்றான் அவன்.

“நான் பயந்துட்டேன்தானே?”

“நீங்க எப்ப பயப்படல?” என்றாள் மனைவி.

யோசனை சொன்னது அவள்தான். ஜனவரியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புத்தகங்களுக்கு அட்டை போடுவதில்லையா? எல்லாவற்றுக்கும் போட்டால் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? பிரவுன் பேப்பருக்குப் பஞ்சம். தோட்டத்து ஸ்டோரில் வெறும் சிமெந்துப் பைகள் இருந்தன. உதறி, வெட்டி, கோதுமை மாப் பசை காய்ச்சி, மூவருமாக உட்கார்ந்து ஒட்டினோம். வேலை எனக்குப் பரம திருப்தி. வெளியில் பெயர் எழுத மனைவி பேனா எடுத்தாள். நான்தான் தடுத்தேன். “பேரு இருந்தா அதுதான் அத்தாட்சி.” இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் தோட்டத்தில் அத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன்.

முடிந்ததும் அலுமாரி ஒரே சாம்பல் நிறம். எது எது என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை ஜீப் ரோட்டோடு போகவில்லை. எங்கள் பாதையில் திரும்பியது. நான் விரலைப் பக்கத்தில் வைத்தபடியே எழுந்து நின்றேன். மச்சினன் சட்டையைப் போட்டுக்கொண்டான். எங்கேயோ போகத் தயாராகிறவன் மாதிரி கடைசிப் பொத்தான் வரைக்கும் பூட்டினான்.

வந்தவர்கள் இரண்டு பொலிஸ்காரர்கள். ஒருவர் சிங்களச் சார்ஜன், நரைத்த மீசை. பல்லேபொல ஊர்க்காரர் என்று பிறகு பேச்சில் தெரிந்தது. மற்றவர் மாத்தளைப் பக்கத்து முஸ்லிம் கொன்ஸ்டபிள். தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதற்காகக் கூட்டி வந்திருந்தார்கள். சார்ஜன் மச்சினனை மேலும் கீழும் பார்த்து, “கம்பஸா?” என்று மட்டும் கேட்டார். பிறகு அலுமாரியைத் திறந்தார்.

திறந்தவர் அப்படியே நின்றார். இப்போது யோசித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பெயரே இல்லாமல், ஒரே காகிதத்தில், ஒரே மாதிரி மூடி ஒட்டிய ஒரு அலுமாரி நிறையப் புத்தகம். சும்மா விட்டிருந்தால் அது கிளாக்கர் வீட்டுக் குப்பை. நாங்கள் பாடுபட்டு அதை ஒரு இயக்கத்தின் நூலகமாக ஆக்கி வைத்திருந்தோம்.

“யாருடையது?” என்றார் சிங்களத்தில்.

“என்னுடையது சேர். எல்லாமே.” என் சிங்களம் நன்றாகத்தான் இருந்தது. விரல்தான் இன்னும் புத்தகத்தின் பக்கத்திலேயே இருந்தது.

“உன்னுடையது என்றால் உள்ளே இருப்பது உனக்குத் தெரியும்.” கொன்ஸ்டபிளிடம் திரும்பினார். “நடுவில் திறந்து ஒரு வரி வாசி. இவன் என்ன புத்தகம் என்று சொல்லட்டும். தெரியாவிட்டால் பையனை ஜீப்பில் ஏற்று.”

கொன்ஸ்டபிள் ஒன்றை இழுத்தார். “அவள் கதவைத் திறந்தபோது கட்டிலில் கிடந்தவர் அசையவில்லை.”

“துப்பறியும் கதை சேர். கொன்றவன் சமையல்காரன்.”

கொன்ஸ்டபிளின் முகம் தொங்கிப்போனது. “அட, சொல்லிட்டீங்களே மாஸ்டர். நானும் அதப் பாதி வாசிச்சி வெச்சிருக்கேன்” என்று தமிழில் முணுமுணுத்தார்.

அடுத்தது: “படைத்தலைவன் வாளை உருவினான்.” அதைக் கொன்ஸ்டபிள் சிங்களத்தில் சொன்னதும் சார்ஜன் எந்தப் படை என்றார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின படை, எல்லாரும் அப்போதே செத்துவிட்டார்கள் என்றேன். ஜோதிடம் வந்தது, சொன்னேன். தேனீ வந்தது, ராணித் தேனீ எங்கே இருக்கும் என்பதுவரை சொன்னேன். வாய் சொல்லிக்கொண்டிருந்தது, கண் கொன்ஸ்டபிளின் கையையே பார்த்தது. மெல்லியதாக ஒன்று மூலையில் இருந்தது. நெற்செய்கைக் கைநூலும் மெல்லியதுதான். எது என்று தெரியாது.

“கந்தகத்தை நன்றாகப் பொடித்து…” என்று கொன்ஸ்டபிள் வாசித்தார்.

சார்ஜன் நிமிர்ந்தார். சிங்களத்திலும் அதற்குக் கெந்தகம்தான். மொழிபெயர்க்க ஆளே தேவைப்படவில்லை. வீடுகளில் குண்டு கட்டுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

“கெந்தகம் எதற்கு?”

“சொறிக்கு சேர்! வைத்தியப் புத்தகம். பூசுவது!” சாரத்தைத் தூக்கி என் காலைக் காட்டினேன். ஒரு மனிதன் தன் சொறியை அவ்வளவு பெருமையோடு யாருக்கும் காட்டியிருக்க மாட்டான். சார்ஜன் குனிந்து பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார்.

அப்போது கொன்ஸ்டபிள் மூலையில் இருந்ததை எடுத்தார். திறந்தார். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு நடுவுக்குப் போனார். மச்சினன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

“நிலத்தில் உழைப்பவன் கைக்கு நிலம் வந்து சேரும் நாள் தொலைவில் இல்லை” என்று வாசித்தார், பாடசாலைப் பிள்ளை மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல்.

“நெற்செய்கை” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரிந்தது. கொன்ஸ்டபிள் தலையைத் தூக்கவில்லை, அந்த வரியைச் சிங்களத்தில் சொல்லவும் இல்லை. சார்ஜன், “மேலே சொல்” என்றார்.

நான் சொன்னேன். நாற்றுமேடை எப்படிப் போடுவது, விதையை எத்தனை நாள் ஊற வைப்பது, எப்போது பிடுங்கி நடுவது. கைநூலில் இருந்ததைச் சிங்களத்தில் ஒப்பித்தேன். கொன்ஸ்டபிள் விரலை வரிக்கு வரி நகர்த்தினார். ஒரு இடத்தில், நான் உரத்துக்கு வந்தபோது, பக்கத்தைத் திருப்பினார். இரண்டு தாள் சேர்ந்து புரண்டதை அவர் கவனிக்கவே இல்லை. அந்த வீட்டில் பயந்தவர்கள் கணக்கில் அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

“சரியா?” என்றார் சார்ஜன் அவரிடம்.

“அப்படித்தான் இருக்கு சேர்.”

சார்ஜன் என்னை முறைத்தார். “அத்தனை இளசாகப் பிடுங்கினால் நாற்று நிற்குமா? எங்கள் பக்கத்துச் சேற்றில் வந்து நட்டுப் பார்க்கச் சொல். இதை எழுதினவன் வயலில் கால் வைக்காதவன். இந்த மாதிரிப் புத்தகங்கள்தான் நாட்டைக் கெடுக்கின்றன.”

“உண்மைதான் சேர்” என்றேன். அன்று நான் மனதாரச் சொன்னது அது ஒன்றுதான்.

வயலுக்கு அடியுரம் எப்போது போடுவது என்பதையும் எனக்குக் கற்பித்துவிட்டு அவர் ஜீப்புக்குப் போனார். கொன்ஸ்டபிள் அந்தப் புத்தகத்தை அலுமாரியில் வைக்காமல் என் கையில் கொடுத்தார். “இன்டைக்கே அடுப்புல போடுங்க மாஸ்டர். நாளைக்கு வேற ஆக்கள் வருவாங்க. அவங்களோட நான் வரமாட்டேன்.” அவ்வளவுதான். நன்றி சொல்ல வாய் திறந்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மச்சினன் அப்போதும் பொத்தானைக் கழற்றாமல் நின்றான். அக்காக்காரி ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். எரித்தால் பயந்துவிட்டோம் என்று அர்த்தம் என்பதை அவன் மறுபடி சொல்லவில்லை.

பின்னேரம் ரொட்டி சுட அடுப்பு மூட்டியதும் நான் பக்கத்தில் உட்கார்ந்து தாள் தாளாகக் கிழித்துப் போட்டேன். வாசிக்காமல் எரிக்க மனம் வரவில்லை. வாசித்து வாசித்துப் போட்டேன். “சீக்கிரம் போடுங்க, பரீட்சையா எழுதப் போறீங்க?” என்றாள் மனைவி. இத்தனை பேர் உயிரைப் பணயம் வைத்த புத்தகத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசை. முதல் பாதி அலுப்பு. பிறகு, ஒரு கூலிக்காரக் குடும்பம் சாப்பிடுகிற சாப்பாட்டைப் பற்றி ஒரு பக்கம் வந்தது. எங்கள் தோட்டத்துக் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் நின்று பார்த்து எழுதின மாதிரி இருந்தது. அதை இரண்டு தரம் வாசித்தேன்.

அப்போது ரோட்டில் ஜீப் சத்தம். மூவரும் அசையவில்லை. சத்தம் எங்கள் பாதை முனைவரை வந்தது. அங்கே கொஞ்சம் மெதுவானது. மிச்சத்தை மொத்தமாக அடுப்புக்குள் தள்ளினேன். ஜீப் அலுவிகாரைப் பக்கமாகப் போய்விட்டது. அந்தப் புத்தகம் எப்படி முடிகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.